நானும் அந்தப் பக்கம்தான்

"ஏங்க்கா, கண்ணு தெரியாத மனுஷனைத் தனியா ரோட்டுக்கு அனுப்பிட்டு, நீங்க பாட்டுக்கு டிவி பார்த்துட்டிருக்கீங்களே, இது நல்லாவா இருக்கு?"

கேட்டவள் மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. 'டிரைவிங் டீச்சர்' என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும்.

கீழ்வீட்டு அக்கா, அலறிக்கொண்டிருந்த டிவியைக் குறைக்காமலே பதில் சொன்னாள்.

"தனியாத்தான் போவேங்கிறார். போகட்டுமே."

"மெயின் ரோட்டுல வண்டிங்க எப்படி வருதுன்னு தெரியுமா உங்களுக்கு? நாள் பூரா அதுலதான் நான் கிடந்து சாகுறேன்!"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க."

கதவு சாத்தப்பட்டது.

'கல்நெஞ்சுக்காரி' என்று முணுமுணுத்துக்கொண்டே டீச்சர் மாடி ஏறினாள்.

அக்காவின் கணவரைத் தெருவே 'அண்ணன்' என்றுதான் கூப்பிடும்; லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சர்க்கரை வியாதியில் பார்வை மொத்தமாகப் போய்விட்டது. ஆனாலும் தினமும் காலையில் குச்சியைத் தட்டிக்கொண்டு, மெயின் ரோட்டைத் தாண்டி, பழைய பட்டறை நண்பர்கள் கூடும் டீக்கடைக்குப் போய்விடுவார். யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போக வந்தால் கோபம் வரும்.

மறுநாள் வண்டி பழக வரவேண்டிய பெண் வரவில்லை. அண்ணன் வாசலில் இறங்குவதைப் பார்த்ததும் டீச்சர் பின்னாலேயே போனாள்.

தெருமுனை வந்ததும் பேப்பர் கடைக்காரர் கடையை விட்டு இறங்கினார். "அண்ணே, டீக்கடைப் பக்கமா? நானும் அந்தப் பக்கம்தான் போறேன்."

பேசிக்கொண்டே நடந்தார்கள். சிக்னலில் அவர் கழன்றுகொள்ள, ஒரு கல்லூரிப் பெண் வந்து சேர்ந்தாள். "அங்கிள், சிகப்பு விழுந்துடுச்சு. நானும் கிராஸ் பண்ணணும், வாங்க."

அந்தப் பக்கம் போனதும் டீச்சர் எட்டிப் பிடித்தாள்.

"அண்ணே, நான் மாடி வீட்டுல இருக்கேன். நல்லவேளை, இன்னைக்கு ஆள் துணை கிடைச்சுது உங்களுக்கு."

"இன்னைக்கு மட்டுமாம்மா? தினமும் இதே கதைதான். நான் இறங்கினா போதும், யாராச்சும் எதேச்சையா இதே பக்கம் போவாங்க. முன்னாடியெல்லாம் இதை நம்பமாட்டேன். இப்போ தோணுது, எதேச்சையா நடக்குறதுக்கும் ஏதோ ஒரு அர்த்தம் இருக்கும்மா."

அவர் சிரித்துக்கொண்டே டீக்கடைக்குள் போய்விட்டார்.

டீச்சருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ரோட்டில் எதுவுமே எதேச்சையாக நடக்காது, எவனோ கண்ணாடியைப் பார்க்காததால்தான் நடக்கும் என்று தினமும் பாடம் எடுக்கிறவள் அவள். நேராகப் பேப்பர் கடைக்குத் திரும்பினாள்.

"அதுவா?" கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டம்மா ஏற்பாடு. அவர் செருப்பை மாட்டும்போதே எனக்கு போன் வந்துடும். அடுத்து அந்தக் காலேஜ் பொண்ணுக்கு. திரும்பி வரும்போது டீக்கடைக்காரர் பார்த்துக்குவார். போன் பேசுறது அவர் காதுல விழக் கூடாதுன்னுதான் அந்தம்மா டிவியை அலறவிடுது."

டீச்சருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலமே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, தெரியாம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"அட, விடுங்க. தனியாப் போயிட்டு வர்றோம்னு அவருக்கு ஒரு தெம்பு. அதை நான் ஏன் கெடுக்கணும்?" அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை வருதாம். சிக்னல்கிட்ட ஒரு வாரத்துக்கு ஆள் இல்லாம இருக்கேன்..."

"நான் நிக்கிறேன்க்கா!"

திங்கட்கிழமை போன் வந்தது. டீச்சர் காரை ஓரங்கட்டிவிட்டு சிக்னலுக்கு ஓடினாள். மூச்சு வாங்குவதை மறைத்துக்கொண்டு, "அட, அண்ணே! நானும் அந்தப் பக்கம்தான்" என்றாள்.

அண்ணன் நின்றார். முகத்தில் சிரிப்பு பரவியது.

"உங்களையும் சேர்த்துட்டாளா?"

"உங்களுக்கு... தெரியுமாண்ணே?"

"இந்தத் தெருக்காரங்களுக்கு நடிக்கத் தெரியாதும்மா. வியாபார நேரத்துல கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, பேப்பர் கடைக்காரருக்கு தினமும் இந்தப் பக்கம் என்ன சோலி?"

"அப்போ எதேச்சைக்கு ஏதோ அர்த்தம் இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருக்கும்மா. அந்த அர்த்தம் வீட்டுல டிவி பார்த்துட்டிருக்கா!"

சிக்னல் விழுந்தது. பாதி ரோடு தாண்டும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கண்ணு போனப்போ என்னைவிட அவதாம்மா அதிகமா உடைஞ்சா. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடந்தா. பக்கத்து வீட்டுல யார் இருக்காங்கன்னுகூடத் தெரியாது. நான் கிளம்ப ஆரம்பிச்ச பிறகுதான், எனக்கு ஆள் தேடி ஒவ்வொரு வாசலா ஏறுனா. இப்போ தெருவுல அவ பேசாத ஆள் கிடையாது."

எதிர்ப்பக்க நடைபாதை வந்துவிட்டது. அவர் குச்சியால் தட்டிப் பார்த்துக் கால் வைத்து ஏறினார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. அவ நாலு பேர்கூடப் பேசட்டும்னுதாம்மா நான் நடக்குறதே."