வெண்கலத் தொட்டி

பிளாட்டியா சமவெளியில் கிரேக்கர்கள் பாரசீகரை முறியடித்த போர் முடிந்துவிட்டது. கிரேக்கர்களுக்குத் துணையாக மலைப்பாதையில் ஓட்டமும் நடையுமாகத் தாமதமாய் வந்து சேர்ந்த மாந்தினியா ஊர்ப் படை வியர்வை சொட்ட நிற்கிறது. செத்துக் கிடக்கும் பாரசீகக் குதிரைகளின் மேல் ஈக்கள் இரைகின்றன. சாய்ந்த வெயிலில் எதிரியின் கூடாரங்கள் இன்னும் புகைகின்றன. முன்வரிசையில் நிற்கும் எபிதெலஸின் ஈட்டிமுனை, காலையில் எண்ணெய் போட்டுத் துடைத்த பளபளப்பு மாறாமல் இருக்கிறது. போன கோடையில் பாரசீகரை மறித்த கணவாய்ச் சண்டையிலும் இவர்களைப் பாதியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரே தோராக்ஸ் வருகிறான். பக்கத்து ஊர் தெகியாக்காரன், எல்லைத் தகராறில் எபிதெலஸோடு கட்டிப் புரண்டவன். பாரசீகத் தளபதியின் குதிரைகள் தீனி தின்ற வெண்கலத் தொட்டியை ஒற்றைக் கையால் இழுத்து வருகிறான்.

“என்னப்பா மாந்தினியா, வழியில அத்திப்பழம் பொறுக்கிட்டு இருந்தீங்களா?”

“ஓடுனவனுங்க எந்தப் பக்கம் போனானுங்க? அதைச் சொல்லு, துரத்திப் பிடிக்கிறோம்.”

“படையை நடத்துற ஸ்பார்ட்டாக்காரன் துரத்த வேணாம்னுட்டான். எல்லாம் முடிஞ்சு போச்சுய்யா.”

எபிதெலஸ் ஈட்டியை மண்ணில் ஓங்கிக் குத்துகிறான். ஊரில் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? தோராக்ஸ் தன் தோளில் வழியும் ரத்தத்தைத் துடைத்துக்கொள்கிறான்.

“சும்மாதானே நிக்கிற? இந்தப் பக்கம் ஒரு கை பிடி.”

எபிதெலஸ் பல்லைக் கடித்துக்கொண்டு குனிகிறான். தெகியாக்காரன் ஜெயித்த தொட்டியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடக்கிறான்.