வடக்கு வட்டாரத்தின் பூஜ்யம்

சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் வடக்கு வட்டாரம் பச்சை. கிழக்கு, அதாவது நான், ரத்தச் சிவப்பு.

பிறவிக் குறைபாட்டால் ஓராண்டில் இறந்த கைக்குழந்தைகள் கிழக்கில் நாற்பத்தொன்று. வடக்கில் ஒன்றுகூட இல்லை.

இயக்குநர் குச்சியால் என் சிவப்பைத் தட்டினார். தட்டிய இடத்தில்தான் நான் பதினெட்டு வருடமாகக் குழந்தை மருத்துவம் பார்க்கும் வார்டு இருக்கிறது.

பிறகு வடக்கின் சுகாதார அதிகாரியை மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குள் அந்த மனிதருக்குப் பூஜ்யம் என்றுதான் பெயர். மூன்று வருடமாக அதே பூஜ்யம்.

எப்படி வராமல் போகும்? வடக்கில் இருப்பது ஒரே ஒரு ஸ்கேன் இயந்திரம். அதற்கு உறை போட்டு, உறையின் மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். இதயத்தில் ஓட்டையோடு பிறந்தது நீலம் பாரித்துச் செத்தால் 'மூச்சுத்திணறல்' என்று எழுதுவார்கள். குடல் அடைத்துப் பிறந்தது செத்தால் 'பால் குடிக்கவில்லை'.

நாங்கள் ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம். பார்த்ததை எழுதுகிறோம். அந்தக் குற்றத்துக்குத்தான் சிவப்பு.

பூஜ்யம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு தாய்மார்களின் விழிப்புணர்வைப் பற்றிப் பேசினார். ஓரிடத்தில் தொண்டைகூடக் கம்மியது. சகிக்கவில்லை.

"மேடம், கிழக்குலேர்ந்து ஏதாவது விளக்கம் இருக்கா?" என்றார் இயக்குநர்.

எழுந்து கோப்பைத் திறந்தேன். மேலே இருந்தது நாற்பத்தொன்றாவது மரணப் படிவம், போன மாதத்தது.

இதயத்தின் பெரிய குழாய்கள் இடம் மாறிப் பிறந்த பெண் குழந்தை. என்னிடம் வந்து சேரும்போதே நகமெல்லாம் நீலம். பிறக்கும் முன்பே யாராவது ஸ்கேனில் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும். ஆறாம் நாள் போய்விட்டது.

தாய் மயங்கிக் கிடந்தாள். படிவத்தை நிரப்பியது அவளுடைய அப்பா.

தாயின் முகவரி என்ற கட்டம் வந்ததும் அவர் பேனா நின்றுவிட்டது. யாராக இருந்தால் என்ன, துக்கத்தில் சொந்த வீடே மறந்துபோயிற்று போலிருக்கிறது, பாவம், என்று நானே தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை என்றேன்.

எழுதியது என்ன என்று அன்று நான் பார்க்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறேன். என் மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் தங்கும் விடுதி. அறை எண் உட்பட.

தாயின் முகவரி எந்த வட்டாரமோ, சாவும் அந்த வட்டாரத்தின் தலையில். அந்த விதி மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் எங்கள் இலாகாவுக்கு வெளியே யாரும் கிடையாது.

தண்ணீர் கொடுத்த என் கையை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

"நாப்பத்தொண்ணுல ஒண்ணு எங்களுது இல்ல சார். வடக்கோடது," என்றேன்.

இயக்குநர் படிவத்தை வாங்கி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, கடைசி வரிவரை படித்தார்.

அங்கே தாத்தா கையெழுத்துப் போட்டிருந்தார். பழக்கதோஷத்தில், அதன் கீழே பதவியையும் எழுதியிருந்தார்:

'வட்டார சுகாதார அதிகாரி, வடக்கு.'