பேரைச் சொல்லட்டுமா?

“பேரைச் சொல்லணும்லா! படத்தையும் போடணும்! அப்பத்தான் அந்தப் பிள்ளைங்களும் திருந்தும், பெத்தவங்களும் திருந்துவாங்க!”

சிவநேசன் மேசையைத் தட்டிய தட்டில் ஒலிவாங்கி அதிர்ந்தது. பினாங்கில் ஒரு பெற்றோர் சங்கத்தின் தலைவர் அவர். வானொலியின் காலை விவாதத்துக்கு விருந்தினராக வந்திருந்தார்.

“பள்ளியில் பகடிவதை செய்யும் மாணவர்களின் பெயரை வெளியிடலாமா? இதுதான் இன்றைய கேள்வி. நேயர்களே, அழைக்கலாம்,” என்றாள் நிகழ்ச்சியை நடத்தும் சுபாஷினி, புன்னகைக் குரலில்.

குரலில்தான் புன்னகை.

போன வாரம் அவள் மகன் யுகேந்திரன் வகுப்புத் தோழனைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்டிருந்தான். அந்தப் பையனுக்குக் கை முறிந்தது. யுகேந்திரனைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். “அவன் சீண்டாமலா என் பிள்ளை கை வெச்சான்?” என்று தலைமையாசிரியரிடம் எகிறிவிட்டு வந்தவள், அடிபட்டவனை ஒரு நடை போய்ப் பார்க்கவில்லை.

வானொலி நிலையத்தில் இது யாருக்கும் தெரியாது. இந்தத் தலைப்பே வேண்டாம் என்று தயாரிப்பாளர் சந்திரசேகரனிடம் சொல்லிப் பார்த்தாள். “ஊரே இதைத்தானம்மா பேசுது” என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

முதல் அழைப்பு வந்தது.

“வணக்கம் மேடம். டத்தோ கிராமாட்லேர்ந்து நவோமி பேசறேன்.”

கை முறிந்த ஜெஃப்ரியின் அம்மா.

“சொல்... சொல்லுங்க நவோமி.”

“என் மகன் கை ஒடிஞ்சு வீட்டுல கிடக்கான். தள்ளிவிட்ட பையன் யாருன்னு எனக்குத் தெரியும். அவங்கம்மா யாருன்னும் தெரியும்.”

சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பயப்படாதீங்கம்மா. பேரைச் சொல்லுங்க!”

“சொல்றேன் சார். சொல்லத்தானே கூப்பிட்டேன்.”

இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது சுபாஷினியின் விரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சந்திரசேகரன் இரண்டு கையையும் ஆட்டினார். வெட்டாதே!

விரல் அந்தரத்தில் நின்றது.

“அதுக்கு முன்னாடி என் பிள்ளை படற பாட்டைச் சொல்லிடறேன்,” என்றாள் நவோமி.

வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் சோற்றை அள்ளினால் பாதி மேசையில்தான் விழுகிறதாம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் போனால், “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று கத்துகிறானாம், கத்திவிட்டு அழுகிறானாம்.

ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும், அடுத்து வரும் சொல் ‘யுகேந்திரன்’தான் என்று சுபாஷினி பல்லைக் கடித்தபடி காத்திருந்தாள்.

“பேர் என்னம்மா?” சிவநேசனுக்குப் பொறுமை போய்விட்டது.

“வர்றேன் சார்.”

வரவில்லை. பள்ளி பஸ்ஸில் நடப்பதைச் சொன்னாள். கேண்டீன் வரிசையில் சின்னப் பிள்ளைகளை இடித்துத் தள்ளுவதைச் சொன்னாள். கழிவறைப் பக்கம் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள்.

‘வேண்டுமென்றே வதைக்கிறாள்,’ என்று சுபாஷினிக்குத் தோன்றியது. ‘சொல்லித் தொலைத்தால்தான் என்ன?’

“கடைசியா ஒண்ணே ஒண்ணு சார், அப்புறம் பேரு...”

செய்திக்கான இசை ஒலித்தது. நிகழ்ச்சி முடிந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது.

“சே!” ஹெட்ஃபோனைக் கழற்றிப் போட்டுவிட்டு சிவநேசன் வெளியே போனார்.

நவோமி இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். சுபாஷினி ஃபோனை எடுத்தாள்.

“நான் யுகேந்திரனோட அம்மான்னு தெரிஞ்சுதானே பேசுனீங்க? சொல்றதா இருந்தா ஒரேயடியா சொல்லியிருக்கலாமே. ஏன் இப்படி அணு அணுவா வதைச்சீங்க?”



“உங்க மேல கோவம் இல்லாம இல்லக்கா. ஒரு தடவையாவது வந்து என் பிள்ளையைப் பார்த்திருக்கணும் நீங்க.” என்றாள் நவோமி. “ஆனா உங்களைச் சேர்க்காம மத்த பேரண்ட்ஸ் ஒரு வாட்ஸ்ஆப் குழு வெச்சிருக்காங்க. இன்னிக்கு உங்க நிகழ்ச்சிக்கே ஃபோன் பண்ணி யுகேன் பேரைப் போட்டு உடைக்கணும்னு காலையிலேயே பேசி முடிவு பண்ணிட்டாங்க. நாளைப் பின்ன ரெண்டு பிள்ளைங்களும் ஒரே வகுப்புலதானே உட்காரணும்? அதான் நான் முந்திக்கிட்டேன். பேரைச் சொல்றேன், சொல்றேன்னு இழுத்தாத்தான் உங்க ஆளுங்க லைனை வெட்ட மாட்டாங்க. நான் பேசிக்கிட்டே இருந்தா, வேற யாரும் உள்ள வர முடியாதில்லக்கா?”