குனிந்த முதுகு

மதிய வெயில் தையல் மெஷினின் சக்கரத்தில் பட்டு, சுவரில் சுழல்கிறது. கணவன் தைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால், சுவரோரப் பாயில் அவள்; மடியில் குழந்தை. அது சிணுங்கத் தொடங்கும் முன்பே அவளுடைய கால்விரல்கள் சுருண்டுகொள்கின்றன. மார்புக் காம்பு வெடித்திருக்கிறது, ரவிக்கை உரசினாலே உயிர் போகிறது. அவளும் தைக்கிறவள்தான். மெஷின்மேல் கவிழ்ந்தே பழகிய முதுகை வளைத்து, மார்பைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோகிறாள். அது நுனியை மட்டும் கவ்வுகிறது. “அம்மா” என்று முனகுகிறாள்.

அவன் திரும்பிப் பார்க்கிறான். “ஏன் இப்படிக் குனியிற? துணியத்தானே ஊசிகிட்ட கொண்டுபோவோம், மெஷினையா தூக்கிட்டுப் போவோம்?”

“வலிக்கிறவளுக்குப் பாடம் வேறயா.” சொல்லிவிட்டு, சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயோரம் நுழைத்துப் பிடியை விடுவிக்கிறாள். சுவரில் நன்றாகச் சாய்கிறாள். குழந்தை வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அதை மார்போடு அணைக்கிறாள். முதல் இழுப்பு சுரீரென்கிறது. அடுத்ததற்குப் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள். வலிக்குப் பதில் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்தான் வருகிறது. கால்விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. அறை அமைதியாக இருக்கிறது. மெஷின் எப்போதோ நின்றுவிட்டிருக்கிறது.

“ஓட்டுங்க” என்கிறாள் கண்ணைத் திறக்காமல். “அந்தச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும், எங்க ரெண்டு பேருக்கும்.”