காதுக்குள் ரைனே

"இன்னிக்கோட முடியுது யார்க்கோ. ரைனேகிட்ட ஏதாவது சொல்லணும்னா இன்னிக்கே சொல்லிடு" என்றான் கிட்டார்காரன் ஸாம்போ, வாயில் பாதி கடித்த கறுப்பு இறைச்சி சாசேஜோடு.

டிரம்ஸ் வாசிக்கும் யார்க்கோ தன் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன.

"நான் சொன்னா அவன் கேக்கவா போறான்?"

"கேக்கறானோ இல்லையோ, உன் மனசு லேசாகும்ல? நாளைலேர்ந்து கீபோர்டுக்கு வில்யா வர்றா. உன் காதுல தாளம் எண்ணப் போறதும் அவதான். அப்புறம் நீ ஆசைப்பட்டாலும் ரைனே கிடைக்க மாட்டான்."

வெளியே, தம்பெரே நகர ஏரிக்கரையில், கோடை விழாக் கூட்டம் அவர்கள் இசைக்குழுவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

ரைனே காலையில் தேவாலயத்தில் ஆர்கன், மாலையில் மெட்டல் இசை என்று வளர்ந்தவன். ஏழு தட்டுத் தாளத்துக்கு நடுவே ஐந்தைச் செருகி, தலையாட்டுகிறவர்களின் கழுத்தைச் சுளுக்க வைப்பான். அவன் கீபோர்டுக்கு ஜப்பானில்கூட ரசிகர்கள் உண்டு. சொந்த மாமியாருக்கு மட்டும் பிடிக்காது.

யார்க்கோ அவசரக்காரன். பாட்டு சூடு பிடித்தால் போதும், வேகத்தைக் கூட்டிவிடுவான். அதனால் ரைனே, அவன் காதில் மாட்டும் கருவி வழியாகத் தானே தாளம் எண்ணிக் கொடுக்க ஆரம்பித்தான்.

"நான் என்ன எண்ணத் தெரியாத குழந்தையா?" என்று ஒருநாள் சானா நீராவி அறையில் சண்டை முற்றியது. துண்டோடு வெளியேறிய யார்க்கோ, அதன்பிறகு மேடைக்கு வெளியே அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் அதைச் சண்டை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அதனால் சமாதானம் செய்துவைக்கவும் ஆள் இல்லாமல் போனது.

கச்சேரி தொடங்கியது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... ஓடாதடா யார்க்கோ, யாரும் துரத்தல" என்றது காதுக்குள் ரைனேயின் குரல்.

எப்போதும் எரிச்சல் மூட்டும் கிண்டல்தான். இன்றைக்கு அவனுக்கு எரிச்சல் வரவில்லை. இத்தனை நாள் வீம்பு பிடித்து என்ன கண்டேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

கடைசிப் பாட்டில் ஓரிடத்தில் மற்ற வாத்தியங்கள் அடங்கி, கீபோர்டு மட்டும் தனியே நீளமாகப் போகும். யார்க்கோ குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தாழ்த்தினான்.

"ரைனே, தப்பு என்மேலதான். நீ எண்ணலேன்னா நான் ஒரு பாட்டைக்கூட ஒழுங்கா முடிச்சிருக்க மாட்டேன். மன்னிச்சிடுடா."

கீபோர்டு நிற்கவில்லை. கொஞ்சம் கழித்துக் குரல் வந்தது.

"அவசரப்படாத யார்க்கோ. இன்னும் நேரம் இருக்கு."

யார்க்கோ தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் சொன்னது கேட்டுச்சாடா?"

"அஞ்சு, ஆறு, ஏழு. இப்ப வா."

யார்க்கோ குச்சிகளை எடுத்தான். அன்றைக்கு அவன் ஓரிடத்திலும் ஓடவில்லை.

கைதட்டல் அடங்கி எல்லோரும் இறங்கிய பிறகும் அவன் டிரம்ஸை விட்டு எழவில்லை. ஸாம்போ மேடை ஓரத்திலிருந்த கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தான்.

"அவன் வாசிச்சது, எண்ணினது, உன்னைத் திட்டினது எல்லாம் இதுலதான் பதிவாகி இருக்கு, நீயே வச்சுக்க" என்றான் ஸாம்போ. "அவனோட அடக்கத்துக்குக்கூட நீ வரலியே."