கழற்ற முடியாத இருவர்

ஒரு வீட்டுக் குளியலறையில் பழைய குளியல் தொட்டி ஒன்றும், அதற்கு மேலே சுவரில் பதித்த ஷவர் வால்வு ஒன்றும் இருந்தன. தொட்டியில் விரிசல் விழுந்திருந்தது. வால்வு எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகியது.

வீட்டுக்காரி கோமளவல்லி ஒரு பிளம்பரை அழைத்து வந்து காட்டினாள்.

"வால்வை மாத்தணும்னா சுவரை உடைக்கணும்மா. டைல்ஸும் போயிரும். தொட்டியை வெளியே எடுக்கக் கதவு நிலையையே பெயர்க்கணும். எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ஆகும்" என்றார் அவர்.

அவர்கள் போனதும் வால்வுக்குப் பெருமை பிடிபடவில்லை. "கேட்டியா? என்னைத் தொட்டால் சுவரே போயிடுமாம்."

"எனக்காகக் கதவு நிலையையே பெயர்க்கணுமாம்" என்றது தொட்டி. "புதுசா வந்தப்போகூட நமக்கு இந்த விலை இல்லை."

அன்று முழுக்க இரண்டும் அதையே பேசிப் பேசிப் பூரித்தன.

மறுநாள் கோமளவல்லி அந்த அறைக்கு வரும் தண்ணீரை அடைத்தாள். தொட்டிக்குள் பழைய செய்தித்தாள்களை அடுக்கினாள். வால்வின் கைப்பிடியில் தரை துடைக்கும் துணியை மாட்டினாள். பிறகு பின்கட்டில் ஒரு வாளியும் குவளையும் வைத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

"பார்த்தியா, நம்மைக் கழற்ற அவளுக்குத் தைரியம் வரலை" என்றது வால்வு, வறண்ட தொண்டையோடு.

"எப்படி வரும்?" என்றது தொட்டி.