எறும்பு அனுப்பிய பேட்ச்

ரத்த அழுத்தம் பார்க்க அவர் கையில் சுற்றிய பட்டை உப்பி இறங்கியதும் மனைவியின் முகம் வாடியது. “நேத்தைவிட ஏறியிருக்குங்க. இந்த வேலைய யார் தலையிலயாவது கட்டிவிடுங்கன்னா கேட்டாத்தானே.”

அக்கம்பக்கத்தில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். சாவி ராவக்கூடத் தெரியாது. விரல் வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டுகளுக்கான மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாக விட்டவர். இன்று எத்தனையோ வீட்டுக் கதவுகள் அதை நம்பித்தான் சாத்தியிருக்கின்றன. அதைக் கட்டி மேய்ப்பவர் இவர் ஒருவர்தான்.

உதவ வருகிறவர்களும் உபத்திரவம்தான். பேட்ச் என்று அவர்கள் அனுப்பும் திருத்தத்தில் பத்து வேலையை ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பார்கள். எதை எதற்காக மாற்றினார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் இவருக்குத் தலை சுற்றிவிடும். ஒரு பேட்ச்சில் ஒரே திருத்தம், அதற்கு இரண்டு வரியில் காரணம் என்று விதி போட்டும் யாரும் சட்டை செய்யவில்லை.

மதித்தவன் எறும்பு ஒருவன்தான். இணையத்தில் அவன் வைத்துக்கொண்ட பெயர் அது. ஊரும் முகமும் தெரியாது. அவன் வேலையில் ஒரு காலி இடம்கூட மிகையாக இருக்காது. இவருக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்ததும், விலாசம் கேட்டு வாங்கி இந்த ரத்த அழுத்தக் கருவியை அனுப்பிவைத்ததும் அவன்தான். பெற்ற பிள்ளைகூட இப்படிச் செய்யாது என்று இவர் உருகிப்போனார்.

“அவன் அனுப்பின நாலு பேட்ச்சையும் இப்பத்தான் சேர்த்தேன். மொத்தப் பொறுப்பையும் அவன்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருக்கப்போறேன்.”

மருந்துக்கடை நடத்தும் மனைவி பட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள். “நாலையும் ஒண்ணா வெச்சுப் பாத்தீங்களா? சில மாத்திரை தனித்தனியா நல்லதுதான். சேத்துக் குடுத்தா ஆளையே சாய்ச்சிடும்.”

இவருக்குச் சுருக்கென்றது. ஒன்று வெறும் பெயர் மாற்றம், ஒன்று பயன்படாத வரியை எடுத்தது, ஒன்று விரலைச் சரிபார்க்கும் சோதனையை இடம் மாற்றியது, இன்னொன்று பேட்டரி குறைந்தால் எச்சரிப்பது, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று முறைத்தார். ஒவ்வொன்றையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தாகிவிட்டது. சுத்தமாக இருக்கிறது என்பதற்காகவா ஒருவனைச் சந்தேகப்படுவது?

எந்த மாற்றத்தையும் முதலில் தன் வீட்டு வாசல் பூட்டில்தான் போட்டுப் பார்ப்பார். இன்றும் அப்படியே ஏற்றினார். விரல் வைத்தார், திறந்தது. மனைவி வைத்தாள், திறந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார், அசையவில்லை.

வெற்றிப் பார்வையோடு கதவைச் சாத்திவிட்டு வந்து எறும்புக்கு எழுதினார்: “எங்க வீட்டுக் கதவுலயே போட்டாச்சு தம்பி. அருமையா வேலை செய்யுது.”

பதில் இல்லை. எழுதிய மறு நொடியே பதில் போடுகிறவன் அவன். இவருக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்தது. மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும், அவளுக்குத் தெரியாமல் நான்கு பேட்ச்சையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து வைத்துப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவதில் எடுத்த வரியும் மூன்றாவதில் இடம் மாறிய சோதனையும் ஒரே திரையில் தெரிந்தபோதுதான், இரண்டும் சேர்ந்தால் சூட்சுமம் தெரிந்தவனுக்கு மட்டும் திறக்கும் ஓட்டை ஒன்று விழுவது பிடிபட்டது.

அந்த நேரம் வாசல் பூட்டு கிளிக் என்றது.

அந்தப் பூட்டுக்குத் தெரிந்தவை இரண்டு பேரின் விரல்கள்தான். இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள்.

முன்பின் பார்த்திராத ஒருவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். மேஜைமேல் இருந்த கருவியைப் பார்த்துச் சிரித்தபடி கனிவாகக் கேட்டான்.

“இப்ப பிரஷர் எப்படி இருக்கு சார்?”